டால்ஸ்டாய் பண்ணை: போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்து மூன்று வருடம் ஆகியும், டால்ஸ்டாய் பண்ணை இருந்த லாலி பக்கம் போன மாதம்தான் போக முடிந்தது. ஒரு வீட்டின் அடித்தளம், பிற்காலத்தில் வைத்த காந்தி, மண்டேலா மார்பளவுச் சிலைகள், கொஞ்சம் மரங்கள். 1910இல் காந்தி இங்கே தொடங்கிய பண்ணை போய்விட்டது.

இடத்தைக் கொடுத்தவர் ஹெர்மன் காலன்பாக் என்ற யூதக் கட்டடக் கலைஞர். தென்னாப்பிரிக்க இந்தியரின் உரிமைக்காகப் போராடிச் சிறைக்குப் போன சத்தியாகிரகிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. எல்லாரும் ஒரே இடத்தில் உழைத்துச் சாப்பிடட்டும் என்று, 1,100 ஏக்கரை வாடகை இல்லாமல் விட்டார். இளைஞர்கள் சுமார் 40 பேர், பெண்கள் 5 பேர், பிள்ளைகள் 20 முதல் 30 பேர் இருந்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார். ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள். ஊற்று மட்டும் 500 கெஜம் தள்ளி. காவடி கட்டித் தண்ணீர் சுமந்திருக்கிறார்கள்.

என்னை அங்கே வெகுநேரம் உட்கார வைத்தது வேறொன்று. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தவர் காந்தி. கப்பலிலும் சிறையிலும் ஜி.யு. போப் எழுதிய தமிழ்க் கையேட்டை வைத்துக் கற்ற தமிழ்தான் அவருக்குத் தெரிந்தது. பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள், எழுத்தே தெரியாது. ஆனால் பேச்சில் அவரை மிஞ்சிவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர் யாராவது வந்தால், மாணவர்கள்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர்கள். இதை அவரே சொல்லியிருக்கிறார். காலையெல்லாம் தோட்ட வேலை, மதியம் வகுப்பு; தூக்கம் வந்தால் கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொள்வார்களாம்.

* * *

மேலே உள்ள பதிவைப் படித்தேன், நானும் எழுதுகிறேன். நாங்கள் நான்கு பேர் பண்ணைக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நடந்தே போனோம். 21 மைல். பண்ணை வேலை இல்லாமல் சொந்தக் காரியத்துக்கு நகரம் போகிறவர் நடந்துதான் போக வேண்டும் என்பது அன்று அங்கே இருந்த விதி. இரவு 2 மணிக்கு எழுந்து இரண்டரைக்குக் கிளம்புவார்கள். பெரும்பாலும் ஆறேழு மணி நேரம் ஆகுமாம். மிகக் குறைந்த நேரம் 4 மணி 18 நிமிடம்! நாங்கள் விடிந்த பிறகு கிளம்பி, ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொண்டோம். அவர்கள் மாதிரியே ரொட்டியும் நிலக்கடலை வெண்ணெயும் கட்டிக்கொண்டு போனோம். எட்டாவது மணி நேரத்தில் அதன் ருசியே தனி. அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் அந்த இளைஞர்கள் எனக்கு நிஜ மனிதர்களாகத் தெரிந்தார்கள்.

* * *

மேலே இருவர் எழுதியதைப் படித்தேன். நான் டர்பன். ஐந்தாம் தலைமுறை. தமிழ் எழுத்தை முப்பது வயதுக்கு மேல்தான் கற்றேன், அதனால் அந்த வகுப்பைப் பற்றிப் படித்ததும் அழுதுவிட்டேன்.

ஒன்று சேர்க்க வேண்டும். 1913 ஜனவரியில் காந்தி டர்பன் அருகே இருந்த தம் பீனிக்ஸ் குடியிருப்புக்குப் போனார், பண்ணை கலைந்தது. ஆனால் அதே வருடம், அங்கே வாழ்ந்த பெண்கள் 11 பேர் போராட்டத்துக்குக் கிளம்பினார்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழர். சத்தியாகிரகத் தலைவர்களில் ஒருவரான தம்பி நாயுடுவின் மனைவியும் அதில் உண்டு. ஆறு பேர் கையில் குழந்தை, ஒருவர் கர்ப்பிணி. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்மேல் போட்ட 3 பவுண்டு வரியை எதிர்த்து வேலையை நிறுத்தச் சொன்னார்கள். தொழிலாளர்கள் நிறுத்தினார்கள். பெண்களுக்கு மூன்று மாதம் கடுங்காவல். பண்ணை என்றாலே காந்தி, காலன்பாக் என்று நிறுத்திவிடுகிறோம். எனக்கு இவர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.

அந்த வகுப்பில் படித்த பிள்ளைகளின் வழிவந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? பெயர் சொல்ல வேண்டாம். வீட்டில் என்ன கதை கேட்டீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.