40 கஜத்தில் நூறு ரவை விழவில்லை: சோக்கை மாற்றுவதா, தோட்டாவை மாற்றுவதா?

ஓசார்க்_மாறன்
வணக்கம். மிசௌரியின் தெற்கே ஓசார்க் மலைப்பக்கம் இருக்கிறேன். வான்கோழி வேட்டையில் இது எனக்கு மூன்றாவது வசந்தம். இதுவரை ஒரு சேவல்கூட வீட்டுக்கு வரவில்லை.

போன சனிக்கிழமை விடிந்து அரை மணி நேரத்தில் ஒரு சேவல் வாலை விரித்துக்கொண்டு பொம்மைப் பெட்டையை நோக்கி நேராக வந்தது. சுட்டேன். ஒரு இறகுகூட உதிராமல் பறந்துவிட்டது. வெறும் தோட்டா கிடந்த இடத்திலிருந்து அதன் கால்தடம் வரை நடந்து பார்த்தேன், 18 கஜம்தான். வெட்கக்கேடு.

ஞாயிறன்று 40 கஜத்தில் தாள் ஒட்டிச் சுட்டேன். 12 காஜ் (குழலின் அகல அளவு) பம்ப் துப்பாக்கி. கடைக்காரர் சொல்லி வாங்கிய 0.660 அங்குல டர்க்கி சோக் (ரவை சிதறாமலிருக்கக் குழல் நுனியில் மாட்டும் குறுக்கி). மூன்றரை அங்குலத் தோட்டாவில் 2 அவுன்ஸ் ஈயம், ஆறாம் எண் (எண் கூடக்கூட ரவை சிறியது). அதாவது சுமார் 450 ரவை. 10 அங்குல வட்டத்துக்குள் விழுந்தவை: 71, 64, 83. நூறு விழவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இன்னும் இறுக்கமான சோக் வாங்கவா? குழலின் உள்வாயை (தோட்டா அறை குழலோடு சேரும் சரிவை) பட்டறையில் கொடுத்து நீட்டவா? இல்லை ஈயத்தை விட்டு டங்ஸ்டன் ரவைக்குப் போய்விடவா?

டங்ஸ்டன்_தாசன்
கடைசியாகக் கேட்டதுதான் பதில். டங்ஸ்டனுக்கு மாறிவிடுங்கள், மற்றதெல்லாம் நேர விரயம்.

ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 11 கிராம். டி.எஸ்.எஸ். என்று விற்கும் டங்ஸ்டன் ரவைக்கு 18. அதனால் ஒன்பதாம் எண் டங்ஸ்டன் ரவை, கடுகு மாதிரி இருந்தாலும், நாலாம் அல்லது ஐந்தாம் எண் ஈயம் அளவுக்குத் துளைக்கும். அவுன்ஸுக்கு நாலாம் எண் ஈயம் 135 ரவைதான் வரும், இது 360 வரும். நீங்கள் 71 எண்ணிய அதே வட்டத்தில் என் துப்பாக்கி 200க்குக் குறைந்ததே இல்லை.

விலைதான் கசக்கும், ஒரு தோட்டா பத்து டாலருக்கு மேல். ஆனால் சீசனுக்கு எத்தனை சுடப்போகிறீர்கள், இரண்டா மூன்றா? இங்கே டெக்சாஸில் பொட்டல் வெளி. சேவல் 50 கஜத்தில் நின்றுகொண்டு ஒரு அடி கிட்டே வராது. ஈயத்தை வைத்துக்கொண்டு அதை வேடிக்கைதான் பார்க்கலாம்.

ஈயக்குண்டு
தாசன், அவர் தவறவிட்டது 50 கஜத்தில் இல்லை, 18 கஜத்தில். அந்தத் தூரத்தில் என் தாத்தா காலத்து ஒற்றைக்குழல்கூடச் சேவலை விழுத்தாட்டும். அங்கே ரவை போதவில்லை என்பது பேச்சே இல்லை.

மாறன் தம்பி, எண்ணிக்கையை விடுங்கள். அந்த 71 ரவை தாளில் எங்கே விழுந்தது? நீங்கள் குறிவைத்த புள்ளியைச் சுற்றியா, வேறு எங்காவதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஓசார்க்_மாறன்
கராஜில் சுருட்டி வைத்திருந்த தாளை விரித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். எங்கே ரவை அதிகமோ அங்கே வட்டம் போட்டு எண்ணினேன், அப்படித்தான் வீடியோவில் சொன்னார்கள். புள்ளியை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மூன்று தாளிலும் வட்டத்தின் மையம் புள்ளிக்கு 7 அங்குலம் மேலே, 3 அங்குலம் வலது. மூன்றிலும் புள்ளியே வட்டத்துக்கு வெளியே கிடக்கிறது.

ஈயக்குண்டு
உங்கள் சேவல் பறந்த காரணம் அந்தத் தாளிலேயே இருக்கிறது. 40 கஜத்தில் 7 அங்குலம் மேலே என்றால் 18 கஜத்தில் மூன்று அங்குலம் மேலே. டர்க்கி சோக் போட்டால் அந்தத் தூரத்தில் ரவைக்கூட்டம் கைமுட்டி அளவுக்குத்தான் விரிந்திருக்கும். குழல் நுனியில் இருக்கும் குறிமணியைத் தலையில் வைத்துச் சுட்டிருக்கிறீர்கள், மொத்தமும் தலைக்கு மேலே போயிருக்கிறது. இதே கோளாறோடு டங்ஸ்டன் வாங்கினால், பத்து டாலர் கொடுத்து வானத்தைச் சுடுவீர்கள்.

டங்ஸ்டன்_தாசன்
குறி தப்புவதற்கு ஒரு சிவப்புப் புள்ளி சைட் மாட்டினால் முடிந்தது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 450 ரவையில் 71 என்பது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அது மட்டமான பேட்டர்ன் (ரவை விழும் பரவல்). "எங்கே விழுந்தது" என்று கேட்டுவிட்டு "எத்தனை விழுந்தது" என்பதை மறைக்காதீர்கள் ஐயா.

ஸ்கார்பரோ_கணக்கன்
நடுவில் நுழைகிறேன். நாங்கள் ஒன்டாரியோக்காரர். இங்கே காட்டு வான்கோழி முற்றாக அழிந்து, 1984இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட பறவைகளின் வழித்தோன்றல்களைத்தான் இப்போது சுடுகிறோம். அதனால் ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சம் மரியாதை உண்டு.

தம்பி, உங்கட 71, 64, 83 மூன்றும் ஒரே துப்பாக்கி, ஒரே சோக், ஒரே தோட்டா. அப்படியிருந்தும் 19 சன்னம் வித்தியாசம் (ரவையை நாங்கள் சன்னம் என்போம்). ஏன்? ஒவ்வொரு சன்னமும் வட்டத்துக்குள் விழுவதும் விழாததும் பாதி தற்செயல். சராசரி 73 என்றால் ஏழு எட்டு மேலே கீழே போவது இயற்கை. அதனால் நாளைக்குப் புது சோக் மாட்டி, ஒரே ஒரு தோட்டா சுட்டு, 85 வந்தது என்று துள்ளிக் குதிக்காதீர்கள். பழைய சோக்கும் 83 தந்திருக்கிறது.

ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஐந்து தோட்டாவாவது சுட்டுச் சராசரி பாருங்கள். அப்போதும் பத்துக்குக் குறைந்த வித்தியாசத்தை நம்பவேண்டாம். யூடியூபில் ஒரு சோக்குக்கு ஒரு தாள் சுட்டுவிட்டு "இதுதான் ராஜா" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டங்ஸ்டன்_தாசன்
ஐந்து தோட்டாவா! கணக்கன் அண்ணை, மூன்று சோக் ஒப்பிட்டால் பதினைந்து தோட்டா. என் வீட்டில் சொன்னால் துப்பாக்கியோடு என்னையும் வெளியே வைப்பார்கள். டங்ஸ்டனில் 200க்கு மேல் விழும்போது இருபது கூடினால் என்ன குறைந்தால் என்ன?

ஸ்கார்பரோ_கணக்கன்
அப்படியென்றால் 0.650 சோக் 0.665ஐவிட நல்லது என்று போன மாதம் இங்கே ஏன் ஒரு பக்கம் எழுதினீர்கள்? எத்தனை தாள் சுட்டீர்கள்?

டங்ஸ்டன்_தாசன்
ஒன்று. ஒன்றுக்கு ஒன்று. சரி, விடுங்கள்.

சாக்ரமெண்டோ_சாரதா
கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது. அதனால் ஈயமா டங்ஸ்டனா என்ற சண்டை எனக்கு இல்லை. நான் 20 காஜில் டங்ஸ்டன் சுடுகிறேன். ஆனால் தாசன் சார் சொல்லும் காரணத்துக்காக இல்லை. சின்னத் துப்பாக்கியில், தோள் நோகாமல், 40 கஜத்துக்குள் வேலை முடிகிறது. அதற்குத்தான்.

மாறன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். மூன்றரை அங்குலம், 2 அவுன்ஸ் என்றால் அந்த உதை கழுதை உதை. மூன்று சூட்டிலும் ஒரே பக்கம் மேலே போயிருக்கிறது என்றால் குழல் கோணல் என்று உடனே முடிவு கட்டவேண்டாம். விசையை இழுக்கும் நொடியில் உதைக்குப் பயந்து கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து தூக்கியிருக்கலாம். கண் உயர்ந்தால் குண்டும் உயரும். காட்டில் சேவல் விழுந்ததா என்று எட்டிப் பார்க்கும் ஆவலிலும் இதே தப்பு நடக்கும்.

எனக்கு இது தெரிந்தது என் கணவர் செய்த ஒரு குறும்பால். மூன்று தோட்டா என்று சொல்லி, நடுவில் ஒரு டம்மித் தோட்டாவைப் போட்டு என்னிடம் கொடுத்தார். வெடிக்காத அந்த ஒன்றில் என் முகம் கட்டையைவிட்டு ஒரு விரல்கடை விலகியதை வீடியோவில் பார்த்தேன். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தாள் நேரானது.

ஈயக்குண்டு
சாரதா அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. அதோடு இன்னொன்று. தோட்டா நீளமானால் பேட்டர்ன் நெருங்கும் என்று நினைப்பது பெரிய மூடநம்பிக்கை. 2 அவுன்ஸ் ஈயத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், வெடிக்கும்போது அடியில் இருப்பவை மேலிருக்கும் பாரத்தில் நசுங்கித் தட்டையாகும். நசுங்கிய ரவை நேராகப் போகாது, ஓரத்துக்கு ஓடும். சோக்கை அளவுக்கு மீறி இறுக்கினாலும் இதே கதைதான், நெருக்கித் தள்ளுகிற இடத்தில் இன்னும் நசுங்கும். 12 காஜ் குழல் 0.729 அங்குலம். அதை 0.660க்குக் கொண்டுவருவதே நல்ல பிடி. அதற்கும் கீழே போய் நான் கெட்டதுதான் மிச்சம்.

என் யோசனை: 3 அங்குலத் தோட்டா, ஒன்றேமுக்கால் அவுன்ஸ், செம்பு பூசிய ஐந்தாம் எண். (மிசௌரியில் நாலாம் எண்ணைவிடப் பெரியது கூடாது, அது நினைவிருக்கட்டும்.) சுடுவதற்கு முன் சோக்கைக் கழற்றி உள்ளே ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் வாட் (தோட்டாவுக்குள் ரவையைத் தாங்கும் கிண்ணம்) உரசி உரசி ஒரு படலம் ஒட்டியிருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் நூல்நூலாக வரும். பட்டறைக்குக் கொடுக்கும் காசைப் பிறகு பார்க்கலாம்.

குறி சரிபார்க்க விலை மலிந்த லேசான தோட்டா போதும், 20 கஜத்தில். தோள் தப்பும்.

டங்ஸ்டன்_தாசன்
இதெல்லாம் சரி. ஆனால் எல்லோரும் என்னை ஏதோ 70 கஜத்தில் சுடுகிறவன் மாதிரிப் பார்க்கிறீர்கள். என் எல்லை 50, லேசர் கருவியால் அளந்துதான் சுடுகிறேன். ரவை நெருக்கமாக விழுந்தால் காயப்பட்டு ஓடிப்போகும் பறவைகள் குறையும். அது வேட்டைக்காரனின் கடமை இல்லையா?

ஈயக்குண்டு
குறையும், நீங்கள் பழைய தூரத்திலேயே சுட்டால். நான் பென்சில்வேனியாவில் பார்ப்பது வேறு. டங்ஸ்டன் வாங்கியவன் அடுத்த வாரமே 40ஐ 55 ஆக்குகிறான், அதற்கடுத்த வருடம் 60. அவன் சுடுவது தாளை இல்லை, தலையை ஆட்டிக்கொண்டே நடக்கும் பறவையை. நடுவில் ஒரு செடி மறைத்தால் போயிற்று. நெருங்கி வரவழைப்பதுதான் இந்த வேட்டையே. அதை விட்டுவிட்டுத் தூரத்திலிருந்து அடிப்பதென்றால் மானுக்குப் போகலாமே.

டங்ஸ்டன்_தாசன்
மரம் அடர்ந்த மலையில் உட்கார்ந்துகொண்டு பொட்டல்காட்டுக்காரனுக்குப் பாடம் எடுக்காதீர்கள். இங்கே ஒளிய ஒரு மரம் காட்டுங்கள், நானும் நெருங்கி வரவழைக்கிறேன்.

ஓசார்க்_மாறன்
ஒரு வாரம் கழித்து வருகிறேன். மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். டம்மி சோதனையில் கையும் களவுமாகப் பிடிபட்டேன். கன்னம் மட்டும் இல்லை, கண்ணையும் மூடுகிறேனாம். மச்சான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

குழலைத் தேய்த்தேன், நூல்நூலாக வந்தது உண்மை. லேசான தோட்டா இருபது சுட்டுப் பழகினேன். பிறகு அதே 0.660 சோக், 3 அங்குலம், ஒன்றேமுக்கால் அவுன்ஸ், ஐந்தாம் எண். மொத்தம் சுமார் 300 ரவை. கணக்கன் அண்ணை சொன்னபடி ஐந்து தாள்: 92, 104, 88, 97, 101. இரவு சமையல் மேசையில் விரித்து, எண்ணிய ஓட்டையெல்லாம் மகளின் ஸ்கெட்ச் பேனாவால் பச்சைப் புள்ளி வைத்தேன். வட்டத்தின் மையம் இப்போது புள்ளிக்கு 2 அங்குலம் மேலே. சிவப்புப் புள்ளி சைட் மாட்டி அதையும் இறக்கிவிட்டேன்.

18 கஜத்திலும் ஒரு தாள் சுட்டேன். ஆரஞ்சுப் பழம் ஒன்றை வைத்து மூடிவிடலாம், அவ்வளவு சின்னது. துப்பாக்கியோடு கூட வந்த, இறுக்கம் குறைந்த பழைய சோக்கையும் பையில் வைத்திருக்கிறேன், காடு அடர்ந்த இடத்தில் அதைப் போடலாம் என்று.

டங்ஸ்டன்_தாசன்
சராசரி 96. நூறு இல்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

ஈயக்குண்டு
சேவலுக்கு எண்ணத் தெரியாது தாசன்.

ஸ்கார்பரோ_கணக்கன்
96க்கும் 100க்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி மேலே ஒருக்கால் எழுதியிருக்கிறேன். திரும்ப எழுத வைக்காதீர்கள்.

சாக்ரமெண்டோ_சாரதா
நல்ல வேலை மாறன். ஒரு கேள்வி. இந்த ஐந்தையும் மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டீர்களா, இல்லை காட்டில் உட்காருவது போல மரத்தில் சாய்ந்து, முழங்காலில் துப்பாக்கியை வைத்துச் சுட்டீர்களா?

ஓசார்க்_மாறன்
மேசையில்.

சீசன் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. தோட்டா நாலு மிச்சம். நாளை இரண்டைத் தரையில் உட்கார்ந்து சுட்டுவிட்டு வருகிறேன்.