துறைமுகம் பக்கம் வரப்போகிற ஃப்ரீ டிரேட் ஸோன்: இப்போதே மனை வாங்கிப் போடலாமா?

ஜெபல்அலி_தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். துபாயில் ஜெபல் அலி ஃப்ரீ ஸோனில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கிறேன், பதினோரு வருடம் ஆகிறது. ஊர் தூத்துக்குடிப் பக்கம். போன மாதம் லீவில் வந்திருந்தபோது மச்சினன் ஒரு புரோக்கரைக் கூட்டிவந்தான். துறைமுகத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பெரிய ஃப்ரீ டிரேட் ஸோன் வரப்போகிறதாம், டெல்லியிலிருந்து ஒப்புதல் கடிதமே வந்துவிட்டதாம், வேலை தொடங்கிவிட்டால் நம்மால் கிட்டே போக முடியாத விலையாகிவிடுமாம். ஒரு மணி நேரம் இதே பேச்சு. வேன் வைத்து இடத்தையும் காட்டினார்கள். வெட்டின சீமைக் கருவேலத்தின் அடிக்கட்டைகள் இன்னும் தரையில் முட்டிக்கொண்டு நிற்கின்றன, நடுவே மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், வாசலில் ஒரு ஆர்ச். கையில் கொடுத்த வரைபடத்தில் ஸோன் முழுக்கப் பச்சை ஹைலைட்டர், அதை ஒட்டினாற்போல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி, அதுதான் என் மனையாம். சென்ட் இரண்டு லட்சம், ஐந்து சென்ட். முன்பணம் 25,000 கொடுத்துவிட்டேன் (திட்டாதீர்கள்).

என் கணக்கு இதுதான். ஜெபல் அலி ஒரு காலத்தில் வெறும் மணல்காடு என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள், இன்றைக்கு லாரி நிறுத்த இடமில்லை. அதுமாதிரி நம் ஊரிலும் வந்தால் பத்து வருடத்தில் விலை எங்கேயோ போய்விடாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏற்றுமதிக்_கணக்கன்:

தம்பி, நான் சென்னையில் ஒரு சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கும் யூனிட்டில் (அங்கே இயங்கும் ஒரு கம்பெனியில்) பதினைந்து வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஃப்ரீ டிரேட் ஸோன் என்றால் சுங்க வரிச் சலுகையோடு சரக்கை இறக்கி வைத்து விற்கிற கிடங்கு மண்டலம், சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் அதுவும் ஒரு வகை. கிடங்கு மண்டலமாக இருந்தாலும் சரி, உற்பத்தி மண்டலமாக இருந்தாலும் சரி, 2005-ம் வருடச் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டமும் 2006-ம் வருட விதிகளும்தான் அதற்கு அடிப்படை. அந்த விதிகளில் ஒரே ஒரு வரி உங்களுக்குப் போதும்: மண்டலத்துக்குள் இருக்கும் நிலத்தை டெவலப்பர் (மண்டலத்தை அமைக்கிறவர்) விற்கக் கூடாது. குத்தகைக்கு மட்டும்தான் விடலாம், அதுவும் அங்கே யூனிட் நடத்த ஒப்புதல் கடிதம் வாங்கியவருக்கு. நீங்களும் நானும் பணத்தை எடுத்துக்கொண்டு போனால் உள்ளே ஒரு சென்ட்கூடக் கிடைக்காது. அப்படியானால் உங்களுக்கு அவர் விற்பது ஸோனில் பங்கு இல்லை, வேலிக்கு வெளியே கிடக்கும் புஞ்சை.

வேலி என்றதும் இன்னொன்று. மண்டலத்தைச் சுற்றிக் குறைந்தது 2.4 மீட்டர் உயரத்துக்குச் சுவரோ கம்பி வேலியோ வேண்டும், அதில் மேல் 60 சென்டிமீட்டர் முள்கம்பி. சுங்க எல்லை அல்லவா, ஆள் நினைத்த இடத்தில் நுழைய முடியாது. நுழைவாயில் எந்தப் பக்கம் வரும் என்று புரோக்கரிடம் கேட்டீர்களா? உங்கள் மனை பின்பக்கத்தில் மாட்டிக்கொண்டால் முன்னால் டீக்கடை போட்டால்கூட வியாபாரம் ஆகாது, எதிரே பார்ப்பது முள்கம்பியைத்தான்.

அடுத்து அந்த ஒப்புதல் கடிதம். மூன்று படி உண்டு. கொள்கையளவு ஒப்புதல், இது நிலம் இன்னும் கைக்கு வராதவர்களுக்குக் கொடுப்பது, ஒரு வருடம்தான் செல்லும், நீட்டிப்பு கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் நிலம் கையில் வந்தபின் முறையான ஒப்புதல், மூன்று வருடம். அதற்கும் பிறகு சர்வே எண்களோடு அரசிதழ் அறிவிக்கை. உங்களிடம் காட்டினது எது, தேதி என்ன என்று பாருங்கள். கொள்கையளவு ஒப்புதல்தான் என்றால் நிலமே இன்னும் சேரவில்லை என்று அர்த்தம், நிலமே சேராதபோது எல்லையை ஹைலைட்டரில் போட்டது யார்?

சட்டத்தில் எல்லாப் படியும் தாண்டினால்கூட நிலம் நிறையும் என்று சொல்ல முடியாது. 2014-ல் வந்த மத்திய தணிக்கைத் துறை அறிக்கையைப் படித்துப் பாருங்கள். நாடு முழுக்க அறிவிக்கை செய்யப்பட்ட 45,635 ஹெக்டேரில் 28,488 ஹெக்டேரில்தான் வேலை தொடங்கியிருந்தது. மீதி காடாகவே கிடந்தது. வருமான வரி விலக்கும் 2020 மார்ச் 31-க்குள் ஒப்புதல் வாங்கின யூனிட்டுகளோடு முடிந்துவிட்டது, புதிதாக வருபவர்களுக்குச் சுங்க வரி, ஜிஎஸ்டி சலுகை மட்டும்தான், அதனால் முன்புபோல் கம்பெனிகள் வரிசையில் நிற்பதில்லை.

ஜெபல் அலிக்கு வருகிறேன். அங்கே துறைமுகம் திறந்தது 1979, ஃப்ரீ ஸோன் வந்தது 1985. கப்பல் முதலில் வந்தது, சலுகை அப்புறம். உங்கள் கம்பெனிக் கிடங்கு நிற்கிற நிலம் யாருடையது என்று ஆபீசில் ஒருமுறை விசாரித்துவிட்டு வாருங்கள்.

வள்ளியூர்_வாசி:

எங்கள் பக்கம் நாங்குநேரியில் இந்தப் பேச்சு 1990-களின் கடைசியிலேயே ஆரம்பித்தது. கிட்டத்தட்ட 2,500 ஏக்கர். என் சித்தப்பா 2007-ல், 'ஸோனுக்கு எதிரே' என்று சொல்லி ஒருவர் விற்ற ஆறு சென்டை வாங்கினார், சித்தியின் வளையல் போய் வந்த பணம் அது. விற்றவர் இரண்டே வருடத்தில் போன் நம்பரை மாற்றிவிட்டார். இப்போது போய்ப் பார்த்தால் கல்லையும் காணோம், எந்தக் கருவேலத்துக்கு அடியில் நம் மனை என்று சர்வேயரைக் கூப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அக்கம்பக்கத்து விலை நான்குவழிச்சாலையால் கொஞ்சம் ஏறியது, அது வேறு கதை.

உப்பளத்துக்காரன்:

எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்கள். 'கப்பல் முதலில்' என்று கணக்கன் சார் சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டார். தூத்துக்குடிக்குக் கப்பல் புதிதாக வரவேண்டியதில்லை, 1974-லிருந்தே அது பெரிய துறைமுகம். வியட்நாம் மின்சாரக் கார் கம்பெனி வின்ஃபாஸ்ட் இங்கே 2024 பிப்ரவரியில் அடிக்கல் போட்டு 2025 ஆகஸ்டில் ஆலையைத் திறந்துவிட்டது, ஒன்றரை வருடம். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது. எல்லாமே காகிதத்தோடு போய்விடும் என்று இல்லை.

ஆனால் தம்பி, வாங்குவதாக இருந்தால் ஸோனை மறந்துவிட்டு நிலத்தைப் பாருங்கள். ஸோன் வராமலே போனாலும் இந்த விலை நியாயமா என்று கேளுங்கள். எங்கள் பகுதியில் உப்பளப் புறம்போக்கும் பட்டா நிலமும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும், வெயிலில் இரண்டும் ஒரே வெள்ளை. கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, முப்பது வருட வில்லங்கச் சான்று போடுங்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு ஒப்புதல் எண், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இரண்டும் கேளுங்கள். எட்டு மனைக்கு மேல் என்றால் ரெரா கட்டாயம், நோட்டீசில் அந்த எண் இல்லையென்றால் அதோடு எழுந்து வந்துவிடலாம். கடலிலிருந்தோ ஓடையிலிருந்தோ எவ்வளவு தூரம் என்றும் அளந்து பாருங்கள், கடலோர ஒழுங்குமுறைக்குள் வந்தால் வீடு கட்டவும் அனுமதிக்கு அலைய வேண்டும்.

ஏற்றுமதிக்_கணக்கன்:

உப்பளத்தார் சொன்னது சரிதான், ஆனால் வின்ஃபாஸ்ட் வந்தது தமிழக அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் வளாகத்தில். அரசு நிலத்தை முதலிலேயே எடுத்து, ரோடு போட்டு வைத்திருந்தது. தனியார் ஒருவர் 'இனிமேல் சேர்க்கப்போகிறேன்' என்று சொல்வதோடு அதை ஒப்பிட முடியாது. இன்னொரு விஷயம்: ஸோன் உண்மையாகவே வந்து பெரிதாக வளர்ந்தால், விரிவாக்கத்துக்கு அரசு நிலம் கையகப்படுத்தும்போது முதலில் போவது ஒட்டியிருக்கும் மனைகள்தான். அப்போது கிடைக்கிற இழப்பீடு அரசின் வழிகாட்டி மதிப்பையும் பதிவான பத்திரங்களையும் வைத்து வரும். பத்திரத்தில் குறைத்துப் போட்டிருந்தால் அழுது பயனில்லை.

ஜெபல்அலி_தம்பி:

எல்லோருக்கும் நன்றி. ஜெராக்ஸைத் தேடியெடுத்துப் பார்த்தேன். 'கொள்கையளவு' என்றுதான் இருக்கிறது, தேதி நான்கு வருடத்துக்கு முந்தையது, நீட்டிப்பு பற்றி ஒரு தாளும் இல்லை. சர்வே எண் ஒன்றுகூடக் கிடையாது, 'உத்தேசமாக இத்தனை ஹெக்டேர்' என்று மட்டும் இருக்கிறது. ஆபீசிலும் கேட்டேன். பதினோரு வருடமாக நான் பூட்டுப் போட்டுத் திறக்கிற கிடங்கின் நிலம் குத்தகையாம், வருடா வருடம் வாடகை போகிறதாம். எனக்கு இது தெரியாமலே இருந்திருக்கிறது பாருங்கள்.

புரோக்கரிடம் ரெரா எண் கேட்டு மெசேஜ் போட்டேன். இரண்டு நீல டிக் விழுந்து மூன்று நாள் ஆகிறது. 25,000 திரும்பி வருமா?

உப்பளத்துக்காரன்:

ரசீது இருந்தால் எழுத்தில் கேளுங்கள், அக்ரிமென்ட் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நேரில் போக ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள், நான் அந்தப் பக்கம்தான்.

ஜெபல்அலி_தம்பி:

ரசீது இருக்கிறது அண்ணே. மச்சினனிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை, கோபித்துக்கொள்வான்.

வள்ளியூர்_வாசி:

முதலில் அவனுக்குக் கமிஷன் எவ்வளவு பேசியிருக்கிறார்கள் என்று கேளுங்கள் தம்பி.