மாவோரி மொழிக்கூடு: உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

கேள்வி: நெய்தல்
நியூசிலாந்தின் தொல்குடி மாவோரிகள் தங்கள் மொழியை மீட்கத் தொடங்கிய 'கோஹங்கா ரேயோ' (மொழிக்கூடு) என்ற மழலையர் மையங்கள் பற்றி எங்கே படித்தாலும், "பெரியவர்களிடம் குழந்தைகளை விட்டார்கள், மொழி மீண்டது" என்று முடித்துவிடுகிறார்கள். அன்றாடம் அங்கே நடப்பது என்ன? அரசு எப்படி இறங்கி வந்தது? 1993இல் 809 கூடுகள் இருந்தனவே, பிறகு ஏன் குறைந்தன?

பதில்: குறிஞ்சிமகள்
அரசு தானாக இறங்கி வரவில்லை. பள்ளியில் மாவோரி பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறை, பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசியது. 1972 செப்டம்பர் 14 அன்று 'ஙா தாமதோவா' என்ற மாவோரி உரிமை அமைப்பின் இளைஞர்களும் மற்றவர்களும் 30,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். பள்ளிகளில் மாவோரி வேண்டும் என்பதே கோரிக்கை. மாவோரி ஆட்சிமொழியானது 1987இல்தான். முதல் கூடோ, வெலிங்டன் அருகே வைனுயோமாதாவில் 1982லேயே திறந்தாகிவிட்டது. சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம்.

உள்ளே மொழிப்பாடம் என்று தனியாக எதுவும் கிடையாது. வாசலைத் தாண்டினால் மாவோரி மட்டும். காலையில் வழிபாடு, பாட்டு. பிறகு ஒவ்வொரு குழந்தையும் தன் மலை, ஆறு, முன்னோர் வந்த படகு, குலம் எல்லாம் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்தும். கை கழுவுவது, சாப்பிடுவது, தூங்குவது வரை அதே மொழியில்தான். நிர்வாகம் பெற்றோரும் உறவினரும் சேர்ந்த 'ஃபானாவு' கையில்.

பதில்: கல்வெட்டு
பெரும்பாலும் சறுக்குவது வீட்டில்தான். பாட்டிக்கும் பேரனுக்கும் மொழி உண்டு, நடுவில் அம்மா அப்பாவுக்கு இல்லை. அவர்களுக்காக 1970களின் இறுதியில் உருவானது 'தே ஆதாராங்ஙி' முறை. 1 முதல் 10 செ.மீ. வரை நீளமுள்ள, பத்து நிறக் குச்சிகள்தான் கருவி. "ஹோமாய் தே ராக்காவு ஃபெரோ" என்றால் சிவப்புக் குச்சியைத் தா என்று பொருள். நிறம், எண், வினை என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். வகுப்பில் ஆங்கிலம் கூடாது. தடுமாறுபவருக்குப் பக்கத்தில் இருப்பவர் விடை எடுத்துக்கொடுக்கவும் கூடாது. எழுத்து பிறகுதான்.

ஆங்கிலம் வழியாக மாவோரிக்கு வருபவர்கள் செய்யும் பிழைகளையும் சொல்லவேண்டும். மாவோரியில் ஏவல் பெரும்பாலும் செயப்பாட்டு வடிவில் வரும்: ஆப்பிளைச் சாப்பிடு என்பதற்கு "காயிங்ஙா தே ஆப்பொரோ". ஆங்கிலத்தில் யோசிப்பவர் வெறும் "காய்" என்று நிறுத்திவிடுவார். 'என்' என்பதிலும் இரண்டு வகை. நம் பொறுப்பில் உள்ள பிள்ளை, உணவு என்றால் 'தாக்கு'. நம்மைத் தாங்கும் பெற்றோர், வீடு என்றால் 'தோக்கு'. குறில் நெடில் மாறினாலும் பொருள் கெடும்: 'கெக்கெ' என்றால் கேக், 'கேக்கே' என்றால் அக்குள்! நமக்கு இது எளிது, ஆங்கிலக் காதுக்குக் கடினம்.

பதில்: குறிஞ்சிமகள்
குறைந்ததற்கு வருகிறேன். ஐந்து வயதில் பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்குப் போனால் கூட்டில் கற்றது வேகமாக உதிர்ந்துவிடும். அதனால்தான் 1985இல் ஆக்லாந்தின் ஹோவானி வைதீதி மராயெயில் (மாவோரிச் சமூகக் கூடுமிடம்) மாவோரி வழியிலேயே கற்பிக்கும் முதல் 'கூரா கவுபாபா' பள்ளியைத் தொடங்கினார்கள். கூடு திறக்கும்போதே பள்ளிக்கும் திட்டம் வேண்டும். பிறந்த குழந்தை பள்ளி வயதை எட்ட ஐந்தே ஆண்டுகள்.

இன்னொன்று, 1990இல் கூடுகள் கல்வி அமைச்சகத்தின் கீழ் போயின. அதன்பின் மற்ற மழலையர் மையங்களுக்கான அளவுகோலே இவற்றுக்கும். மொழி தளும்பும் பாட்டியிடம் சான்றிதழ் இருக்காதே! மாவோரிகளுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையிலான வைதாங்ஙி ஒப்பந்தம் மீறப்பட்டதா என்று விசாரிக்கும் வைதாங்ஙி தீர்ப்பாயம், கூடுகள் விஷயத்தில் அரசு அந்த ஒப்பந்தக் கடமையை மீறியதாகவே 2012இல் முடிவு சொன்னது.