‘பரவலாக’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்? உதவுங்கள்

வணக்கம். மும்பை தாராவி பற்றிய ஒரு கையேட்டைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுகிறேன். மூன்று நாளாக ஒரே வரியில் நிற்கிறேன்: ‘இங்கே தோல் வேலை, மண்பாண்டம், இட்லி வியாபாரம் என்று சிறுதொழில்கள் பரவலாக இருக்கின்றன.’

முதலில் ‘ரைஃப்’ என்று போட்டேன். திருத்துபவர் சிவப்பு மையில் சுழித்து, ‘ஊழல், வதந்தி, நோய்க்குச் சொல்வதுபோல் இருக்கிறது’ என்று எழுதி அனுப்பினார். அகராதியைப் பார்த்தால் அவர் சொன்னது சரி, பெரும்பாலும் கெட்டதற்குத்தான் வருகிறது. ‘ரேம்பன்ட்’ அதைவிட மோசம், கட்டுக்கடங்காமல் பெருகுவது என்று பொருள். ‘பிரிவலன்ட்’ போட்டேன், அதில் நேரடியாகப் பழி இல்லை, ஆனால் மருத்துவ அறிக்கை வாடை அடிக்கிறது. ‘யுபிக்விடஸ்’ என்றால் திரும்பிய பக்கமெல்லாம் என்றாகிவிடும், அது மிகை.

அதிகாலையில் இட்லித் தூக்கோடு கிளம்பும் எங்கள் சனங்களைப் பற்றிய வரி இது. அவர்கள் உழைப்பு தொற்றுநோய்போல் ஒலிக்கக் கூடாது.

வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. இப்போதைக்கு ‘வைட்ஸ்பிரெட்’ வைத்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் தினமும் எழுதுகிறவர்கள் சொல்லுங்கள்: தொழில்களுக்கு ‘வைட்ஸ்பிரெட்’ இயல்பாக இருக்குமா, இல்லை ‘காமன்’ போதுமா?