நல்லூர்த் திருவிழா நேரம் யாழ்ப்பாணத்தை ஆறுதலாகப் பார்க்க ஒரு உதவி

வணக்கம் உறவுகளே. எழுபது தாண்டிய இருவருக்கு மூன்று நாள் திட்டம். ஓட்டம் வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு இடம் காணும்.

கோட்டை மாலை 4.30க்குப் பிறகுதான். கொத்தளத்தில் நிழலில்லை, முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) பகல் முழுக்கச் சூடு வாங்கி வைத்திருக்கும். பிறகு பண்ணைப் பாலத்தில் பொழுதுபடும் வரை. சோளகக் காற்று குடையைப் புரட்டிப்போடும். நாடா கட்டிய தொப்பிதான் சரி. நல்லூருக்கு விடியப்புறம்: வெயில் ஏறினால் வெறுங்காலுக்கு மணல் சுடும், வீதித்தடையால் ஓட்டோவும் கிட்டப் போகாது.

தெரியவேண்டியது: பகல் 11 முதல் 3 வரை சாய்மனைக் கதிரையோடு ஆறியிருக்க நல்லூர்ப் பக்கம் எங்கே இடம்? குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகு எந்த நேரம் நெரிசலில்லை? முழங்கால் நோவோடு ஏறி இறங்கலாமா? காத்துநிற்கும் ஓட்டோவுக்கு அரைநாள் கூலி இப்ப எவ்வளவு?