அம்மம்மாவின்ட அஞ்சு சதத் தாள்

உவர்மலை:
நடுவால முத்திரை மாதிரி ஓட்டை குத்தின 1942 இலங்கை அஞ்சு சதத் தாள் தெரியும்தானே, கிழிச்சா ஒரு பக்கம் ரெண்டு சதம் மற்றப் பக்கம் மூண்டு சதம். அதை நான் கிழிச்சுப் போட்டன். அப்ப எனக்குப் பத்து வயசு, அம்மம்மா காணி உறுதி வச்ச தகரப்பெட்டியைக் கிளறேக்க ஆப்பிட்டுது, மடிச்சுப் பாத்தன், டிர்ர் எண்டு போயிட்டுது. அம்மம்மா ஏசேல்ல. ரெண்டு துண்டையும் உள்ளங்கையில வச்சு, பல்லுப் பல்லா நிண்ட விளிம்பைப் பெருவிரலால தடவித் தடவிப் பாத்தவ. "ஐயா தந்தது, மாத்தாமலே வச்சிருந்தனான்." அவ்வளவுதான். ஏப்ரல் 9 யப்பான்காரன் திருகோணமலையில குண்டு போட, ஊரை விட்டு ஓடித் திரும்பி வந்த பிறகு அவவின்ட ஐயா கையில குடுத்ததாம். அந்தக் குண்டாலதானே சில்லறை இல்லாமப் போய்த் தாள் அடிச்சவங்கள்.

சீனக்குடா:
கடைசி வசனம் பிழை அண்ணை. இதே மாதிரிச் சில்லறைக்குப் பதிலா அடிச்ச பத்துச் சதத் தாளில 1942 பெப்ரவரி 1 எண்டு கிடக்கு, குண்டு விழுந்தது அதுக்கு ரெண்டு மாசம் பிந்தி. காசு அடிக்கிற செம்பும் நிக்கலும் வெள்ளியும் உலகச் சண்டைக்குத் தேவைப்பட்டதுதான் காரணம், 43இல 25 சதமும் 50 சதமும் வெள்ளியை விட்டு நிக்கல் பித்தளையில வந்ததும் அதாலதான். மற்றது, கிழிக்கத்தானே ஓட்டை போட்டது, அதுக்கேன் இவ்வளவு கவலை? எங்கட அப்பப்பாவின்ட கடைக் கணக்குக் கொப்பிக்குள்ள ஒரு 25 சதத் தாள் கிடந்தது, இப்பவும் முகர்ந்தா மண்ணெண்ணெய் மணக்குது.

நிலாவெளி:
சீனக்குடா, திகதி சரி, ஆனா கவலை ஏனெண்டு கேக்கிறது சரியில்ல. கடைக்குப் போன தாளும் தேப்பன் தந்த தாளும் ஒண்டே? நான் அப்பாவின்ட 50 சதத்தை லமினேட் பண்ணினனான், சூட்டில கொப்பளிச்சு ஜோர்ஜ் மன்னரின்ட முகமே போச்சு. உவர்மலைத் தம்பி, செலோடேப் மட்டும் ஒட்டிப்போடாதேங்கோ, பசை மஞ்சளாகி மையுக்குள்ள இறங்கும், பிறகு கழட்டேலாது. இஸ்திரிப்பெட்டியும் வைக்காதேங்கோ. பிவிசி உறையும் கூடாது, நாள்பட வேர்த்து ஒட்டும், மைலார் எண்ட பொலியெஸ்டர் உறை வாங்குங்கோ. எங்கட கடல் காத்துக்கு உப்பு ஈரம் வேற, ஈரம் உறிஞ்சிற சிலிக்கா ஜெல் பைக்கட் ஒண்டு பெட்டிக்குள்ள போட்டு, மாரி தொடங்க முன்னம் மாத்துங்கோ. ஈரக் கையால தொடவே வேண்டாம்.

உவர்மலை:
நன்றி அக்கா. ஒட்டேல்ல. அம்மம்மா அண்டைக்கே ரெண்டையும் பல்லோட பல்லுப் பொருத்தித் தேவாரப் புத்தகத்துக்குள்ள வச்சவ. அவ போய் ஆறு வருசம், நான் இன்னும் அந்தப் பக்கத்தை அசைக்கேல்ல.