நர்சுக்குப் பன் போதுமா?

வலங்கைமான்காரி:
நேற்று மன்னை மைந்தன் ஐயா இங்கே எழுதியது: "நோயாளியிடம் அன்பாகப் பேசியதற்கு ஒரு விருதா? அமெரிக்காவில் நர்சுகளுக்கு டெய்சி விருது என்று பன் கொடுத்து ஏமாற்றுகிறார்கள். பன்னுக்கு மயங்குபவர்கள் மயங்கட்டும்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அந்தப் பன் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1999-இல் பேட்ரிக் பார்ன்ஸ் என்ற 33 வயதுக்காரர், எதிர்ப்புச் சக்தியே ரத்தத் தட்டணுக்களை அழிக்கிற நோயோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். சாப்பாடு இறங்காமல் கிடந்தவர், அப்பா வைத்திருந்த இலவங்கப்பட்டை பன்னில் ஒரு வாய் கேட்டார். நாளைக்கு நர்சுகளுக்கும் வாங்கி வாருங்கள் என்றார். அவர் இறந்த பிறகு குடும்பம் தொடங்கியதுதான் இந்த விருது.

மன்னை மைந்தன்:
கதை உருக்கம்தான் அம்மா. ஆனாலும் பன் பன்தானே? என் மகள் 2015-இல் நர்சாக 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தாள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். வீட்டுக்காரரிடம் வாடகைக்குப் பதில் பன் நீட்ட முடியுமா?

குடந்தை டிகிரி:
முதலில் அது பன்னே இல்லை. மாவைச் சுருட்டிச் சுடுகிற ரோல். தெரியாமல் இரண்டு பேரும் பன் பன் என்கிறீர்கள்.

பூண்டி வாத்தியார்:
நம் நாட்டிலும் 1973 முதல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது இருக்கிறதே. குடியரசுத் தலைவர் கையால் தருவது, ரொக்கத்தோடு. அதில் பன் கிடையாது.

மன்னை மைந்தன்:
அது டெல்லியில், வாத்தியாரே. இங்கே ராத்திரி வார்டில் நிற்கிற பெண்ணுக்கு யார் கொடுத்தார்கள்?

வலங்கைமான்காரி:
அதைத்தான் ஐயா நானும் கேட்கிறேன்! 2023 ஜூனில் அப்பாவுக்குப் பக்கவாதம். வாய் இழுத்துக்கொண்டது, பேச்சு நின்றுவிட்டது. நாங்கள் எவ்வளவு கூப்பிட்டாலும் சுவரையே பார்ப்பார். ராத்திரி டூட்டி சிஸ்டர் ஒருத்தர், விவசாயக் குடும்பம், மருந்து கொடுக்கும்போதெல்லாம் சேதி சொல்லுவார். "மாமா, மேட்டூர் திறந்தாச்சு." மறுநாள், "முக்கொம்புக்கு வரப்போகுது." 16-ஆம் தேதி ராத்திரி, "கல்லணையும் திறந்துட்டாங்க மாமா, குடமுருட்டிக்கு எப்போ வரும்?" என்று கேட்டுவிட்டுக் கட்டிலருகே அப்படியே நின்றார். வேறு பெட்டில் கூப்பிட்டும், "இதோ வர்றேன்" என்று நின்றார். அப்பா வாயைக் கோணிக்கொண்டு, "நாத்து" என்றார். அஞ்சு நாளில் முதல் வார்த்தை.

கேஸ் ஷீட்டில் பிரஷர் எழுதினார்கள், சுகர் எழுதினார்கள், ஊசி போட்ட நேரம் எழுதினார்கள். இதை எழுத அதில் இடமே இல்லை. டெய்சியில் நோயாளியும் வீட்டாரும்தான் எழுதிக் கொடுக்கிறார்கள், இவர் எனக்கு இன்னது செய்தார் என்று. ஜிம்பாப்வே சிற்பிகள் கையால் செதுக்கிய கல்சிலையும் தருகிறார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பன்னைப் பிடித்துக்கொண்டால் எப்படி?

குடந்தை டிகிரி:
ரோல்.

மன்னை மைந்தன்:
சரி, கல்லும் கொடுக்கிறார்கள். கல்லும் பன்னும். அதனால் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடுமா?

பூண்டி வாத்தியார்:
சிஸ்டர் என்று ஏன் எழுதுகிறீர்கள்? செவிலியர் என்ற நல்ல சொல் இருக்கிறது.

வலங்கைமான்காரி:
வலியில் கிடக்கிறவர் "செவிலியரே" என்றா கூப்பிடுவார்? விடுங்கள் வாத்தியாரே.

பூண்டி வாத்தியார்:
தமிழ் என்றாலே விடுங்கள்தான்.

மன்னை மைந்தன்:
குடந்தைக்காரர் ரோல் பாடம் நடத்துவதற்கு முன், போன மாசம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காசு வாங்குவது பற்றி நான் கேட்டதற்குப் பதில் சொல்லட்டும்.

குடந்தை டிகிரி:
ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் உள்ள நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டியது யார்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

வலங்கைமான்காரி:
நெல்லை வேறு இடத்தில் அளந்துகொள்ளுங்கள். மன்னை ஐயா, உங்கள் மகளும் ராத்திரி யாருக்காவது இப்படி நின்றிருப்பார். அதை ஒருவர் எழுதிக் கொடுத்தால் வேண்டாம் என்பீர்களா?

மன்னை மைந்தன்:
என் மகள் நின்றதற்குச் சாட்சிக் கடிதம் வேண்டாம் அம்மா. சம்பள உத்தரவு வேண்டும். அதுவரைக்கும் பன் பேச்சு என் காதில் ஏறாது.

வலங்கைமான்காரி:
சம்பளப் போராட்டத்துக்குக் கூப்பிடுங்கள், முதல் ஆளாக வந்து நிற்கிறேன். ஆனால் "பன்னுக்கு மயங்குபவர்கள்" என்று எழுதியதை எடுங்கள். எங்கள் சிஸ்டர் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காதவர்.

மன்னை மைந்தன்:
எடுக்க மாட்டேன்.

குடந்தை டிகிரி:
எடுத்தாலும் ரோல் என்று திருத்தி எழுதுங்கள்.